தளபதி லாலி: தோல்வியும் துரோகமும்

வரலாற்றுப் பாடநூல்களிலே சிலருடைய வாழ்வு முழுவதும் ஒரேயொரு வாக்கியத்துள் அடங்கிவிடுகின்றது. பிரெஞ்சுத் தளபதி லாலி அத்தகையோருள் ஒருவன். "1760ஆம் ஆண்டில் வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோல்வியுற்றான்" என்று மாணவர் மனனஞ் செய்வர். அதற்கு மேல் அவனைப்பற்றி அறிவார் சிலரே. அந்தத் தோல்விக்காக ஆறு ஆண்டுகளின் பின், அவன் யாருக்காகப் போர் செய்தானோ அவர்களாலேயே தலை துணிக்கப்பட்டான் என்பதும், அவனுடைய வழக்கு ஐரோப்பிய அறிஞருலகத்தை நெடுங்காலம் கலக்கியதென்பதும் பாடநூல்களில் இடம்பெறுவது அரிது. போரிலே தோற்றவன் துரோகியாவானா? துரோகியல்லன் என்று தெளிந்த பின், அவன் செய்த பிற குற்றங்களெல்லாம் கழிந்துவிடுமா? இவ்விரு வினாக்களையும் மனத்திற் கொண்டு அவனுடைய வாழ்வை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோமஸ் ஆதர் லாலி 1702ஆம் ஆண்டு தை மாதத்திற் பிரான்சின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள ரோமான் என்னும் ஊரிற் பிறந்தான். தாய் பிரெஞ்சுக் குலத்தவள். தந்தை அயர்லாந்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்சு மன்னனின் பக்கம் நின்று போராடிய அயர்லாந்துக் கத்தோலிக்கர், 1691ஆம் ஆண்டு லிமெரிக்கு உடன்படிக்கையின் பின் ஆயிரக்கணக்கிற் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தனர். பிரெஞ்சு மன்னன் அவர்களைக்கொண்டு அயர்லாந்துப் படைப்பிரிவுகளை அமைத்தான். அவற்றுள் ஒன்றான டில்லன் படையணியிலே லாலியின் தந்தை அதிகாரியாயிருந்தார். பிள்ளைப் பருவத்திலேயே லாலியின் பெயர் அப்படையணியிற் பதியப்பட்டது. பாசறையே அவனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. தம் முன்னோரை நாடு கடத்திய ஆங்கில அரசின்மீது கொண்ட தீராப் பகை அவனுக்குப் பிதுரார்ச்சிதமாய்க் கிடைத்த சொத்து எனலாம்.

அவனுடைய ஐரோப்பியப் போர்வாழ்க்கை புகழ் மிக்கது. ஆசுத்திரிய அரசுரிமைப் போரின்போது தன் பெயராலேயே ஒரு படையணியைத் தலைமை தாங்கும் நிலைக்கு உயர்ந்தான். 1745ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் பொந்தனுவாப் போர்க்களத்தில், பிரெஞ்சு அணிகளை ஊடறுத்து முன்னேறிய ஆங்கிலப் படையை அயர்லாந்துப் படைப்பிரிவு ஆவேசத்தோடு தாக்கியது. அக்களத்திற் காட்டிய வீரத்திற்காகப் பதினைந்தாம் லூயி மன்னன் லாலியைப் போர்க்களத்திலேயே பிரிகேடியர் பதவிக்கு உயர்த்தினான். அவ்வாண்டிலேயே இளவரசன் சாள்சு எட்வேட்டு இழந்த முடியை மீட்கும் பொருட்டு இசுக்கொத்துலாந்தில் எழுப்பிய கிளர்ச்சிக்கு லாலி துணை சென்றான். அம்முயற்சி தோற்கவே, உயிர்தப்பி மீண்டான். பின்னர் ஒல்லாந்தர் நாட்டிலே பேகன்-ஒப்-சூம் கோட்டை முற்றுகையிலும் மாஸ்திரிக்கு முற்றுகையிலும் சேவை புரிந்தான். அஞ்சாமையும், உழைப்பும், அரசனிடத்துப் பற்றும் அவனிடம் நிறைந்திருந்தன. பொறுமை ஒன்றுதான் இல்லை.

1756இல் ஏழாண்டுப் போர் மூண்டது. இந்தியாவில் ஆங்கிலேயரை அடியோடு அகற்றுதற்கு ஒரு சேனாதிபதி வேண்டுமென்று பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பனி அரசை வேண்டியபோது, ஆங்கிலேயரை வெறுப்பதில் லாலிக்கு நிகரில்லாமையின் அவனையே பலருங் குறித்தனர். போர் அமைச்சனாகிய தார்சான்சன் மட்டும் தயங்கினான் என்பர். ஒழுங்கீனத்தைக் கண்டால் இடியேறுபோற் சீறும் இம்மனிதனைத் தூரதேசத்துக்கு அனுப்பினால், அங்குள்ளார் அவனைப் பகைத்து அவனுடைய முயற்சிகளையே குலைத்துவிடுவர் என்பது அவன் கருத்து. கும்பனியார் செவிசாய்த்திலர். லாலி லெப்டினன்ட் ஜெனரல் பதவியும், அரசனின் ஆணையாளன் என்னும் அதிகாரமும் பெற்றான். எதிரியோடு பொருதல் மட்டுமன்றி, புதுச்சேரியில் மலிந்திருந்த இலஞ்சத்தையும் ஊழலையும் களைதலும் அவனுக்கு இடப்பட்ட பணியாகும். வாளையும் விளக்குமாற்றையும் ஒரே காலத்தில் ஒரே கையிற் கொடுத்தனுப்பினர் எனலாம். துணைவேண்டிச் சென்ற இடத்திலே துணைவராக வேண்டியவர் அனைவரையும் அவன் ஐயுற நேர்ந்தது இதனாலேயே.

1757 மே மாதம் 2ஆம் நாள் தாஷே என்பவனுடைய கப்பற்படையில் லாலி பிரெஸ்டுத் துறைமுகத்தினின்றும் புறப்பட்டான். புதுச்சேரியை அடைந்தது 1758 ஏப்பிரில் 28ஆம் நாள். ஏறக்குறைய ஓராண்டு கடலிற் கழிந்தது. அவ்வோராண்டு வரலாற்றில் எத்துணை விலையுயர்ந்தது என்பதை அப்பொழுது கப்பலில் இருந்தார் அறியார். 1757 ஜூன் 23ஆம் நாள் பிளாசியிற் கிளைவ் வென்றமையால் வங்காளத்தின் பெருஞ்செல்வம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. லாலி கரையிறங்கிய அன்றே, பொருள்வளத்தைப் பொறுத்தமட்டிற் போட்டி பாதி முடிந்துவிட்டது. புதுச்சேரிப் பண்டசாலையோ வறிதாயிருந்தது. தேசாதிபதி திலெய்ரிக்குக்கும் அவனுக்கும் முதற் சந்திப்பிலிருந்தே பகை மூண்டது. கப்பற்படை தாஷேயின் தனியாணைக்கு உட்பட்டது. லாலி அவனை வேண்டிக்கொள்ளலாமேயன்றி ஏவுதல் இயலாது.

ஆயினும் தொடக்கம் வெற்றியாகவே அமைந்தது. வந்திறங்கிய சில நாள்களிற் கடலூரைப் பிடித்தான். 1758 ஜூன் 2ஆம் நாள் தேவனாம்பட்டினத்திலிருந்த புனித தாவீது கோட்டை அவனிடம் சரணடைந்தது. அக்கோட்டையை அவன் தரைமட்டமாக்கினான். இவ்வெற்றியின் பின்னணியில் ஒரு பெரும் பிழை மறைந்து கிடந்தது. படைச்சுமைகளைக் கொண்டுசெல்ல மாடுகளும் ஆட்களும் முன்னதாகச் சேர்க்கப்படவில்லை. சீற்றங்கொண்ட லாலி, புதுச்சேரி வாசிகளைச் சாதி, தொழில், வயது வேறுபாடின்றிப் பிடித்து வண்டி இழுக்கவும் பாரஞ் சுமக்கவும் ஏவினான். எல்லாரையும் சமமாக நடத்தும் எண்ணத்தால் இது செய்யப்பட்டதென்று எவரும் மயங்குதல் வேண்டா. ஒரு சாதியாரை மட்டுமன்று, ஊரார் அனைவரையுமே அவன் பொதிமாடுகளாகக் கருதினான். அன்றிலிருந்து பிரெஞ்சுப் பாசறையை நாடி ஊழியத்துக்கு வருவார் அருகினர்.

சென்னப்பட்டினத்தை உடனே தாக்கவேண்டுமென்று லாலி விரும்பினான். கப்பல்களோடு வரத் தாஷே மறுத்தான். படைவீரர்க்குச் சம்பளங் கொடுக்கப் பணமும் இல்லை. அந்நிலையில், தஞ்சை மன்னன் 1749இல் எழுதிக்கொடுத்த 56 இலட்சம் ரூபாய்க்குரிய பழைய முறி ஒன்று அவனுக்கு நினைவூட்டப்பட்டது. அதனைத் தண்டும்பொருட்டு அவன் காரைக்கால் வழியாகத் தஞ்சைமேற் படையெடுத்தான். யாழ்ப்பாணக் கரையிலிருந்து பாக்குநீரிணையைக் கடந்தால் நாம் அடையும் சோழநாட்டுக் கரையே அவன் சென்ற வழி. நாகூர் கொள்ளையிடப்பட்டது. அடுத்து அவன் தங்கிய இடம் கீழ்வேளூர். சம்பந்தரும் அப்பரும் தேவாரம் பாடிய தலம் அது. புதையல் இருக்குமென்று எண்ணிக் கோயிலைத் துருவினர்; குளங்களைக் கிளறினர். எதிர்பார்த்த பொன் கிடைத்திலது. கோயிலைச் சூழ்ந்து திரிந்த அந்தணர் அறுவரை ஒற்றர் என்று ஐயுற்று, பீரங்கி வாயிற் கட்டிச் சுடுவித்தான் லாலி. இச்செய்தியை அக்காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ஓம் குறித்துள்ளார். கோயில் கொள்ளைபோன பின்பும் அவ்விடத்தை விட்டகல மனமின்றிச் சுற்றித் திரிந்ததே அவ்வறுவரின் குற்றமாதல் கூடும் என நாம் எண்ணுவது மிகையாகாது.

தஞ்சையில் பிரதாபசிங்க மன்னன் இன்சொல்லாலும் தவணையாலும் காலத்தைக் கடத்தினான். ஆகத்து மாதத் தொடக்கத்தில் மதில்மேற் பீரங்கித் தாக்குதல் நிகழ்ந்தது. ஆனால் வெடிமருந்தும் உணவும் குறைந்தன. அவ்வேளை, நாகபட்டினக் கடலிலே தாஷே ஆங்கிலத் தளபதி போக்கொக்கிடம் ஆகத்து 3ஆம் நாள் அடிபட்டான் என்ற செய்தி வந்தது. லாலி முற்றுகையைக் கைவிட்டு, பசியால் வாடிய படையோடு காரைக்காலுக்கு மீண்டான். பணமும் வரவில்லை, பெயரும் போயிற்று.

இதற்கிடையே மற்றொரு தவறும் நிகழ்ந்தது. ஐதராபாத்தில் நிசாமின் அவையிலே பிரெஞ்சுச் செல்வாக்கைப் பல்லாண்டு நிலைநிறுத்தியிருந்த புசியைத் தன்னிடம் வருமாறு லாலி ஆணையிட்டான். எல்லாப் படைகளையும் ஓரிடத்திற் குவித்து ஆங்கிலேயரை வேரறுக்க வேண்டுமென்பது அவன் எண்ணம். ஐரோப்பியப் போர்முறைக்கு அது பொருந்தலாம். இந்தியாவிலோ பிரெஞ்சு வலிமை பெரிதும் நட்பிலும் நம்பிக்கையிலும் தங்கியிருந்தது. புசி அகன்றதும் வட சர்க்கார் மாவட்டங்களில் கேணல் போட்டு புகுந்தான்; 1758 டிசம்பரில் ஒரு போரை வென்று, 1759 ஏப்பிரிலில் மசூலிப்பட்டினத்தையும் கைப்பற்றினான்.

1758 டிசம்பர் 14ஆம் நாள் லாலி சென்னையின் கறுப்பர் நகரைப் பிடித்துப் புனித ஜோர்ஜ் கோட்டையை முற்றுகையிட்டான். சம்பளம் பெறாத படைவீரர் நகரிற் கொள்ளையிலும் குடியிலும் மூழ்கினர். படைச்செலவுக்குத் தன் சொந்தப் பணத்தையும் லாலி இறைத்தான். இரண்டு மாதத்துக்கு மேலாக முற்றுகை நீடித்தது. 1759 பெப்புருவரி 16ஆம் நாள் ஆங்கிலக் கப்பல்கள் அடிவானத்தில் தோன்றின. மறுநாட் காலை பிரெஞ்சுப் படை பின்வாங்கிவிட்டது. அத்தோல்விச் செய்தி கேட்டுப் புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரர் சிலர் மகிழ்ந்தனராம். தன் நாட்டவரே தன் தோல்வியை விரும்பும் அளவுக்கு ஒரு தளபதி வெறுக்கப்பட்டமைக்கு வரலாற்றில் எடுத்துக்காட்டுகள் மிகச் சில.

1759 செப்டெம்பரில் தாஷே மற்றொரு கடற்போரின் பின் மொரீசுத் தீவுக்குச் சென்றுவிட்டான்; மீண்டு வரவேயில்லை. ஒக்டோபரில் பல மாதச் சம்பளங் கிடையாத பிரெஞ்சு வீரர் கலகஞ் செய்தனர். இந்நிலையிலேதான் 1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசிப் போர் நடந்தது. ஐரோப்பிய வீரர் தொகையில் இரு பக்கத்தாரும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தனர். லாலி தானே குதிரைப்படையை முன்னடத்தினான். அதிற் பெரும்பகுதி அவனைப் பின்தொடரத் தயங்கியது. அவனோடு வந்த மராட்டியக் குதிரைவீரர் விலகி நின்றனர். பிரெஞ்சுப் பக்கத்து அரணில் ஒரு வெடிமருந்து வண்டியில் எதிரியின் குண்டு பாய்ந்து பலரை மாய்த்தது. புசி சிறைப்பட்டான். பிரெஞ்சுப் பேரரசுக் கனவு அன்று பகலிற் கலைந்தது.

எஞ்சிய கோட்டைகள் ஒவ்வொன்றாய் வீழ, ஆங்கிலப் படை புதுச்சேரியை வளைத்தது. உணவு குறைந்தது. 1760 நவம்பர் மாத இறுதியிலே லாலி நகரிலிருந்த சுதேசிகள் சுமார் 1,400 பேரை வெளியேற்றினான். கேணல் கூட்டின் காவலர் அவர்களை அப்பாற் செல்ல விடவில்லை. மதிலுக்கும் முற்றுகைக்கும் இடையே எட்டு நாள் அவர்கள் வேரையும் புல்லையும் உண்டு கிடந்தனர். பின்னரே கூட் வழிவிட்டான். 1761ஆம் ஆண்டு பிறந்த இரவில் வீசிய பெரும்புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல அழிந்தன. அவ்வேளையிற் பிரெஞ்சுக் கப்பல்கள் சில வந்திருந்தால் நகர் தப்பியிருத்தல் கூடும். ஒன்றேனும் வரவில்லை. 1761 ஜனவரி 16ஆம் நாள் ஆங்கிலேயர் நகருட் புகுந்தனர். தேவனாம்பட்டினக் கோட்டைக்கு லாலி செய்ததையே ஆங்கிலேயர் புதுச்சேரிக்குச் செய்தனர். மதில்களும் மாளிகைகளும் மண்மேடாயின. நோயுற்ற லாலி பல்லக்கில் வெளியேறியபோது பிரெஞ்சு அதிகாரிகளே அவனைச் சூழ்ந்து ஏசினர்.

இங்கிலாந்துக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்ட லாலி, பிரான்சிலே தன்னைத் துரோகியென்று பழிதூற்றுகின்றனர் எனக் கேள்வியுற்றான். இலண்டனில் அவன் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். அங்ஙனமிராது, ஆங்கில அரசிடம் வாக்குறுதி கொடுத்து விடைபெற்று, தன்மேற் சுமத்தப்பட்ட பழியைத் துடைக்கத் தானே பாரிசுக்குச் சென்றான். குற்றமுள்ள நெஞ்சினன் இவ்வாறு செய்யான். 1762 நவம்பரில் அவனைப் பஸ்தீல் சிறையில் அடைத்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தனக்காக வாதாட ஒரு நியாயவாதியை அமர்த்திக்கொள்ளவும் அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. புதுச்சேரியிலிருந்த லாவூர் என்னும் யேசுசபைக் குருவானவர், லாலியைப் புகழ்ந்து ஒன்றும் இகழ்ந்து ஒன்றுமாக இரண்டு குறிப்புகள் எழுதி வைத்திருந்தார் என்றும், அவர் இறந்தபின் இகழ்ந்து எழுதியதே நீதிமன்றத்துக்கு எட்டியது என்றும் வால்ட்டேர் கூறுவர்.

1766 மே மாதம் 6ஆம் நாள் பாரிசு மன்றம் தீர்ப்பளித்தது. அரசனுடையவும், நாட்டினுடையவும், கும்பனியினுடையவும் நலன்களைக் காட்டிக்கொடுத்தான் என்றும், அதிகாரத்தைத் தகாதவாறு பயன்படுத்தினான் என்றும் கூறி மரணதண்டனை விதித்தது. 9ஆம் நாள், பேசாதபடி வாய் கட்டப்பட்ட நிலையிலே, தெருவழியாக வண்டியிற் கொண்டு செல்லப்பட்டுக் கிரேவ் சதுக்கத்தில் அவன் கொல்லப்பட்டான். வயது 64. நாற்பது ஆண்டுக்கு மேலாகப் படையில் உழைத்தவனுக்கு இறுதிச் சொல் ஒன்று சொல்லும் உரிமையும் வழங்கப்படவில்லை.

தீர்ப்பின் சொற்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். எதிரியிடம் கையூட்டுப் பெற்றான் என்றோ, கோட்டையை விற்றான் என்றோ அங்குக் கூறப்படவில்லை. "நலன்களைக் காட்டிக்கொடுத்தான்" என்ற பரந்த சொல்லுக்குள் எந்தத் தவறையும் அடக்கலாம். இதனை உணர்ந்து குரல் எழுப்பியவர் வால்ட்டேர். 1773இல் வெளிவந்த இந்தியாவைப்பற்றிய நூலில் அவ்வழக்கின் அநீதியை எடுத்துக்காட்டினார். லாலியின் மகன் திரோபீம் செரார் தந்தையின் பெயரை மீட்பதையே வாழ்வின் பணியாகக் கொண்டான். 1778 மே மாதத்தில் அரச மன்று பழைய தீர்ப்பை நீக்கியது. மரணப்படுக்கையிலிருந்த வால்ட்டேர் அச்செய்தி கேட்டு மகிழ்ந்து, சில நாள்களில் உயிர்நீத்தார். மறு விசாரணை செய்த மாகாண மன்றங்கள் லாலியை முற்றாக விடுவிக்க மனங்கொள்ளவில்லையாயினும், துரோகி என்ற பழி அறிஞர் உள்ளத்தில் அகன்றுவிட்டது.

பிரான்சின் தோல்விக்கு மெய்யான காரணங்கள் யாவை? முதலாவது, கடலாதிக்கம். கடலை ஆள்வோரே சோழமண்டலக் கரையை ஆள முடியும், அக்கடல் ஆங்கிலேயருடையதாயிருந்தது. இரண்டாவது, பணம். வங்காள வருவாய் ஆங்கிலேயருக்குக் கைகொடுக்க, லாலியின் வீரர் சம்பளமின்றிக் கலகஞ் செய்தனர். மூன்றாவது, அதிகாரம் பிரிந்து கிடந்தமை. நான்காவதே லாலியின் கடுஞ்சினமும், நாட்டு நிலையை அறிய மறுத்த செருக்கும். நான்காவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் மூன்றையும் மறைத்தது பாரிசு. தோற்ற அரசுகள் தம் பிழைக்குப் பலியாடு தேடுதல் புதிதன்று. சென்னையைப் பிடித்த லாபூர்தொனே பஸ்தீலிற் கிடந்தான். டூப்ளே 1763இல் வறுமையில் இறந்தான். ஆங்கிலேயரும் இவ்வகையில் தூயரல்லர். மினோர்க்காத் தீவைக் காக்கத் தவறிய கடற்றளபதி பிங்கை 1757இற் சுட்டுக்கொன்றனர். ஆகவே தோல்வி வேறு, துரோகம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் நீதிமன்றம் வருங்காலத் தளபதிகளுக்கு வீரத்தைக் கற்பியாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே கற்பிக்கும்.

முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாம் வினா நமக்கே உரியது. லாலிக்காக வாதாட ஒரு வால்ட்டேர் இருந்தார். உழைக்க ஒரு மகன் இருந்தான். கீழ்வேளூரில் மாண்ட அறுவருக்கும், புதுச்சேரி மதிற்புறத்திற் புல்லுண்ட 1,400 பேருக்கும் யார் இருந்தனர்? பாரிசு மன்றம் லாலியின் கொடுமைகளையும் விசாரித்தது உண்மையே. ஆனால் அதன் நெஞ்சை உறுத்தியது இழந்த நகரேயன்றி இறந்த மக்களல்லர். அவர்களுடைய பெயரை எந்த மன்றமும் எழுதி வைக்கவில்லை. அக்காலப் புதுச்சேரி வாழ்வைத் தமிழில் நாள்தோறும் எழுதிவந்த ஆனந்தரங்கப்பிள்ளையும், நகர் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன் 1761 ஜனவரியிற் காலமானார். அவருடைய நாட்குறிப்பு இல்லையேல், அந்நகர்த் தமிழ் மக்களின் பார்வையில் அக்காலத்தை அறிய நமக்கு வழி மிகக் குறைவு.

எனவே வரலாறு பயிலும் மாணவர் லாலியை இருவேறு துலாக்கோலில் நிறுத்தல் வேண்டும். அவனுடைய அரசன் பிடித்த கோலில், அவன் உண்மையாய் உழைத்து அநியாயமாய்க் கொலையுண்ட போர்வீரன். சோழமண்டலக் கரையின் ஏழை மக்கள் பிடிக்கும் கோலில், அவன் நீதி வழங்கப்படவேண்டிய குற்றவாளி. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பவன் வழக்கறிஞனாகலாம், வரலாற்றாசிரியனாகான். தனக்கு மறுக்கப்பட்ட நீதியை லாலி தன் இறுதி நாள்களிற் கேட்டு நின்றான். கீழ்வேளூரில் அதே நீதியை அவன் மறுத்தபோது, கேட்டு நிற்பதற்கும் அங்கே எவருக்கும் இடமிருக்கவில்லை. வந்தவாசிப் போரை ஒரு வாக்கியத்தில் மனனஞ் செய்யும் நம் மாணவர், இவ்விரு காட்சிகளையும் அவ்வாக்கியத்தின் பின்னே காண்பாராயின், அதுவே வரலாற்றுக் கல்வியின் பயனாகும்.